மூன்று கோப்புறை மேலே

ஹட்டன் பேக்கரி மாடியில் இரவு ஒன்பது நாற்பது.
கீழே மாலுபாண் தட்டுகளைக் கழுவுகிறார்கள்.
மேலே நானும் ஒரு மேசை விசிறியும்.
இந்தக் குளிரில் விசிறி எனக்கல்ல, சேர்வர் பெட்டிக்கு.
பதிவேட்டில் இருநூற்றுப் பதினொரு வரிகள்,
எல்லாம் ஒரே வரி:
அனுமதி மறுக்கப்பட்டது.

புலமைப்பரிசில் விண்ணப்பம் நள்ளிரவோடு முடிகிறது.
பக்கம் திறக்கிறது. பெயர் எழுதலாம்.
பிறப்புச் சான்றிதழின் படத்தை ஏற்றினால்
சுழல்கிறது, சுழல்கிறது, அப்படியே நிற்கிறது.
லிந்துலையிலிருந்து ஒருவர் ஐந்தாம் முறையாக அழைக்கிறார்:
"மிஸ், டேட்டா முடியப் போவுது.
பார்த்து ஏதாச்சும் செய்ங்க."

யார் செய்த வேலை என்று தேட வேண்டியதில்லை.
முந்தாநாள் மின்வெட்டுக்குப் பிறகு
விடிகாலை மூன்று மணிக்குக் காப்புப் பிரதியை மீட்டவள் நான்.
தூக்கக் கலக்கத்தில் ரூட்டாக நுழைந்து
எல்லாவற்றையும் ரூட்டின் பெயரிலேயே இறக்கியிருக்கிறேன்.
கோப்புகள் ஒன்றும் தொலையவில்லை.
சொந்தக்காரர்தான் மாறிவிட்டார்.

கை தானாகவே மூன்று ஏழுகளுக்குப் போகிறது.
எவரும் வாசிக்கலாம், எவரும் எழுதலாம், எவரும் இயக்கலாம்.
ஒரு வரி, ஒரு என்டர், வீட்டுக்குப் போகலாம்.
அப்படித்தான் போனேன் ஒருமுறை,
பண்டாரவளை மருந்துக் கடைக்கு வேலை செய்தபோது.
மறுவாரம் இருமல் பாணி விலைப்பட்டியலுக்கு நடுவில்
எந்த நாட்டுக்காரனோ சூதாட்ட மேசை போட்டிருந்தான்.
கடைக்காரர் சில்வெஸ்டர் திட்டவில்லை.
"கதவைப் பூட்ட மறந்தீங்களா பிள்ளை,
கதவையே கழற்றி வச்சீங்களா?" என்றார்.

ஆகவே பொறுமையாக.
கோப்புறைக்கு ஏழு ஐந்து ஐந்து, கோப்புக்கு ஆறு நான்கு நான்கு.
படங்கள் வந்து விழும் இடம் தளத்துக்கு வெளியே இருக்கிறது;
அதை மட்டும் வெப் சேர்வரின் பெயருக்கு எழுதிக் கொடுத்தேன்.
சொந்தக்காரர், குழு, மற்றவர்.
மூன்று பத்தியையும் விரல் வைத்துப் படித்தேன். சரி.
முயன்றேன்.
மறுக்கப்பட்டது.

பத்து இருபது. கீழே ஷட்டர் இறங்குகிறது.
விற்காத கிம்புலா பனிஸ் ஒன்றைப்
படியில் வைத்துவிட்டுப் போயிருக்கிறான் நிரோஷன்.
சீனி விசைப்பலகையில் உதிர உதிர யோசிக்கிறேன்,
லிந்துலைக்காரர் எப்படி வீடு போவார்?
பஸ் பாலத்தடியில் இறக்கிவிடும்.
பணியப் பிரிவு, அதன் கம்பிப் படலை, காவலாளி.
தொழிற்சாலை வளவு, இன்னொரு படலை.
அதுக்கப்புறம்தான் மேட்டு லயம், அவர் கதவு.
கதவின் சாவி அவர் சட்டைப்பையில்தான்.
கீழ்ப் படலையை ஆறு மணிக்கே மூடிவிட்டால்
சாவியைத் தடவிக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கடைசிக் கோப்புறையையே முறைத்துக்கொண்டிருந்திருக்கிறேன், முட்டாள்.
பாதையை அடியிலிருந்து விரித்தேன்.
மூன்று கோப்புறை மேலே ஒன்று:
ஏழு பூச்சியம் பூச்சியம்.
ரூட்டைத் தவிர ஒருவரும் தாண்ட முடியாது.
கோப்புறையில் 'இயக்கு' என்றால் கடந்து போ என்று அர்த்தம்.
உள்ளே என்ன இருக்கிறதென்று பார்க்கக்கூட வேண்டாம்,
நடக்க விட்டால் போதும்.
மற்றவர் பத்தியில் ஒரேயொரு ஒன்று வைத்தேன்.

பத்து நாற்பத்திரண்டு.
முதல் படம் வந்து விழுந்தது.
பூப்போட்ட மேசைவிரிப்பின் மேல் சான்றிதழ்,
ஓரத்தில் அதை அழுத்திப் பிடித்த கட்டைவிரல்.
யுகதர்ஷினி, மேட்டு லயம், ஏழாம் இலக்கம்.
பின்னாலேயே மற்றவை, முண்டியடித்துக்கொண்டு.

படிவத்தில் 'வீட்டின் உரிமையாளர்' என்றொரு கட்டம்.
எங்கோ பார்த்த படிவத்திலிருந்து
நான்தான் எடுத்துப் போட்டேன், போன வருடம்.
தோட்டம், என்று எழுதியிருந்தார்கள். தோட்டம். கம்பனி. தோட்டம்.
ஒரு பிள்ளை: 'தெரியாது. நாங்க இருக்கோம்.'
அந்தக் கட்டத்தை அழித்தேன்.

லிந்துலைக்காரர் திரும்ப அழைக்கவில்லை.
ஏறியிருக்கும், இல்லையென்றால் டேட்டா முடிந்திருக்கும்.
பெயர் கேட்க மறந்துவிட்டேன்.
பன்னிரண்டுக்கு மூன்று நிமிடம் இருக்க
முடிவுத் தேதியை ஒரு நாள் தள்ளி வைத்தேன்.
யாரைக் கேட்டுச் செய்தாய் என்று
காலையில் சங்கத்தில் கேட்பார்கள்.